வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு எல்சாட்டுக்குப் படிப்பது எப்படி?

கேள்வி இதுதான். முழுநேர வேலை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வர வேண்டிய மாமியார். அமெரிக்காவில் ஜே.டி. என்ற சட்டப் பட்டம் படிக்க ஆசை, அதற்கான நுழைவுத் தேர்வுதான் எல்சாட். மாதிரித் தேர்வில் வந்தது 148, வேண்டியது 162. தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம். நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது. முடியுமா?

162 உங்களால் முடியும். ஆனால் நான்கு மாதத்தில் முடியும் என்று சொல்ல மாட்டேன். கணக்கைப் பாருங்கள். நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் தாளில் வாரத்துக்கு 7 மணி. பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் மாதக் கடைசி, திடீர் விருந்தாளி எல்லாவற்றையும் கழித்தால் கையில் நிற்பது 6. பதினேழு வாரத்தில் 100 மணி நேரம் தேறும். பதினான்கு புள்ளி ஏற 250 மணி நேரமாவது ஒதுக்குங்கள் என்பது என் கருத்து. அப்படியானால் உங்கள் வாழ்க்கைக்கு இது ஒன்பது மாத வேலை. அதை நான்கு மாதத்தில் திணித்தால் தூக்கத்தில்தான் கை வைப்பீர்கள். தூக்கம் கெட்டால் இந்தத் தேர்வில் எல்லாமே கெடும், ஏனென்றால் இது நினைவாற்றலைச் சோதிப்பதில்லை. அந்த நிமிடத்தில் மூளை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைத்தான் சோதிக்கிறது.

தேதியைத் தள்ளினால் பெரிய நஷ்டமில்லை. எல்சாட் ஆண்டுக்குப் பல முறை நடக்கிறது. சட்டக் கல்லூரிகள் பெரும்பாலும் செப்டம்பரில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கி, வர வர இடம் கொடுத்துக்கொண்டே போகும். அதனால் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் மதிப்பெண் கையில் இருப்பது நல்லது. அதற்குள் முடியாது என்று தெரிந்தால், குறைந்த மதிப்பெண்ணோடு பிப்ரவரியில் கடைசி ஆளாக நிற்பதைவிட அடுத்த ஆண்டு முதல் வரிசையில் நிற்பது மேல். ஒவ்வொரு கல்லூரியும் 509 அறிக்கை என்று ஒன்றை வெளியிடும். சேர்ந்தவர்களின் எல்சாட் மதிப்பெண்ணில் 25, 50, 75-ஆம் சதமானம் எவ்வளவு என்று அதில் இருக்கும். நடு எண்ணுக்கு (50-ஆம் சதமானம்) மேலே நீங்கள் இருந்தால் உதவித்தொகை பேச இடமுண்டு, கீழே இருந்தால் அந்த இடம் குறையும். குடும்பம் இருப்பவருக்கு அந்த இரண்டு மூன்று புள்ளி, மூன்று ஆண்டுக் கடனின் அளவையே மாற்றிவிடும்.

தேர்வின் இப்போதைய வடிவம் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஆகஸ்டோடு லாஜிக் கேம்ஸ் (நிபந்தனைகளை வைத்து வரிசைப்படுத்தும் புதிர்கள்) பகுதி போய்விட்டது. பழைய புத்தகம் யாராவது இலவசமாகக் கொடுத்தால் அந்தப் பகுதியை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். இப்போது நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 35 நிமிடம், இரண்டாவது முடிந்ததும் 10 நிமிட இடைவேளை. கணக்கில் சேர்வது மூன்று: லாஜிக்கல் ரீசனிங் (எல்ஆர், சிறு வாதங்களை அலசுவது) இரண்டு, ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் (ஆர்சி, நீண்ட பத்தியை வாசித்து விடையளிப்பது) ஒன்று. நான்காவது, தேர்வு நடத்துபவர்கள் புதுக் கேள்விகளைச் சோதித்துப் பார்க்க வைப்பது. எது அந்தப் பகுதி என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். மதிப்பெண் 120-லிருந்து 180 வரை. தவறான பதிலுக்குக் கழிவு இல்லை.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மதிப்பெண்ணில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு லாஜிக்கல் ரீசனிங். அது ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும் சிறு கேள்விகள். பத்து நிமிடம் கிடைத்தாலும் நாலைந்து கேள்வியை ஒழுங்காகப் பார்த்துவிடலாம். துண்டு துண்டாக நேரம் கிடைக்கிறவர்களுக்குத் தோதான தேர்வு இது.

இலக்கையும் கேள்விக் கணக்கில் பாருங்கள், பயம் குறையும். கணக்கில் சேரும் கேள்விகள் 75-லிருந்து 78 வரை. 162 வர ஏறத்தாழ 17, 18 கேள்வி தவறலாம். தாளுக்குத் தாள் இது சற்று மாறும். உங்கள் 148-ஐ வைத்துப் பார்த்தால், பகுதிக்கு ஆறு கேள்வி கூடுதலாகச் சரியாக வேண்டும். மிகக் கடினமான கேள்விகளை வெல்ல வேண்டியதே இல்லை. நடுத்தரமானவற்றில் சறுக்காமல் இருந்தால் போதும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நேரம் குறைவாக உள்ளவர்கள் செய்யும் பெரிய தவறு, கிடைத்த ஒரு மணி நேரத்தில் 30 கேள்வி போட்டுவிட்டு, விடையைச் சரிபார்த்து, தவறானதற்கு விளக்கத்தை ஒருமுறை வாசித்து, "ஓ, அப்படியா" என்று மூடிவைப்பது. மூன்று மாதம் கழித்தும் மதிப்பெண் அங்கேயே நிற்கும். உங்கள் ஒரு மணி நேரத்தில் கேள்விக்கு 15 நிமிடம், அலசலுக்கு 45 நிமிடம் என்று பிரியுங்கள். பத்துக் கேள்வி போதும்.

அலசல் இப்படி இருக்க வேண்டும். பத்துக் கேள்வியையும் நேரம் வைத்துப் போடுங்கள். சந்தேகம் இருந்த ஒவ்வொன்றிலும் ஒரு குறி வையுங்கள். விடைப் பட்டியலைத் திறக்காதீர்கள். குறி வைத்தவற்றை நேரக் கணக்கில்லாமல் மறுபடி எடுத்து, ஐந்து தெரிவுகளில் ஒவ்வொன்றும் ஏன் சரி, ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் பிறகே விடையைப் பாருங்கள். இரண்டாம் முறையும் தவறானால் அது புரிதலில் ஓட்டை. முதல் முறை தவறி இரண்டாம் முறை சரியானால் அது வேகத்தில் வந்த சறுக்கல். இரண்டுக்கும் மருந்து வேறு. விடையை முதலிலேயே பார்த்துவிட்டால் எது எது என்று பிரிக்க முடியாது, ஏனென்றால் சரியான விடை தெரிந்தவுடன் எல்லாமே புரிந்த மாதிரித் தோன்றும்.

ஒரு சிறு வாதத்தை எடுத்துக் காட்டுகிறேன். "நகர நூலகம் இரவு 9 மணி வரை திறந்திருக்கத் தொடங்கியது. அடுத்த ஆறு மாதத்தில் இரவல் போன புத்தகங்கள் கூடின. ஆகவே நேரத்தை நீட்டித்ததால்தான் இரவல் கூடியது." இந்த வாதம் நிற்க எந்த அனுமானம் (வெளியே சொல்லாமல் உண்மையென்று வைத்துக்கொண்டது) அவசியம் என்று கேட்கிறார்கள். ஒரு தெரிவு: "நூலகத்துக்கு வருவோர் எல்லோரும் பகலைவிட இரவில் வருவதையே விரும்புகிறார்கள்." இன்னொன்று: "அந்த ஆறு மாதத்தில் இரவல் கூடியதை முழுவதும் விளக்கிவிடக்கூடிய வேறு மாற்றம் எதுவும் நடக்கவில்லை." இரண்டும் வாதத்துக்கு ஆதரவாகத்தான் படுகின்றன. இப்போது ஒவ்வொன்றையும் எதிர்மறையாக்குங்கள். "எல்லோரும் விரும்பவில்லை, சிலர் பகலில்தான் வருகிறார்கள்" என்றால் வாதம் கவிழ்கிறதா? இல்லை, மற்றவர்கள் இரவில் வந்து எடுத்திருக்கலாமே. "வேறு மாற்றம் ஒன்று நடந்தது, இரவல் கூடியதை அதுவே முழுவதும் விளக்கிவிடுகிறது" என்றால்? வாதம் அப்போதே விழுந்துவிடும். விழ வைப்பதே விடை.

முதல் தெரிவை எடுத்து ஏமாந்தீர்கள் என்று வையுங்கள். தவறுக் குறிப்பேட்டில் பலரும் எழுதுவது "கவனக்குறைவு". அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. இப்படி எழுதுங்கள்: "காரணம்-விளைவு வாதம். அவசிய அனுமானம் கேட்டார்கள். 'எல்லோரும்' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டேன். வாதத்துக்கு அவ்வளவு பெரிய கூற்று தேவையில்லை. அடுத்த முறை அவசிய அனுமானத்தில் 'எல்லோரும், எப்போதும், ஒரே' வந்தால் எதிர்மறையாக்கிப் பார்க்க வேண்டும்." நான்கு வரி, இரண்டு நிமிடம். ஐம்பது குறிப்பு சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து படித்தால், பெரும்பாலானவை நாலைந்து பழக்கங்களில் அடங்குவது தெரியும். அந்த நாலைந்தைத் திருத்துவதுதான் 148-க்கும் 162-க்கும் இடையில் உள்ள வேலை.

தமிழில் யோசிப்பவர்களுக்கு நிபந்தனைக் கூற்றில் ஒரு வசதி உண்டு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'இஃப்', 'ஒன்லி இஃப்' இரண்டும் ஒன்றுபோல் காதில் விழும், அதனால் 'இது இருந்தால் அது' என்று அம்புக்குறி போட்டுக் குறிக்கும்போது தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள். "மழை பெய்தால் பயிர் பிழைக்கும்": மழை போதும். "மழை பெய்தால் மட்டுமே பயிர் பிழைக்கும்": மழை அவசியம், ஆனால் போதுமென்று சொல்லவில்லை. 'அன்லெஸ்' வந்தால் 'ஒழிய' போடுங்கள். "மழை பெய்தாலொழிய பயிர் பிழைக்காது" என்றவுடன், பிழைத்த பயிரைக் கண்டால் மழை பெய்திருக்கிறது என்பது தானே தெரிகிறது. ஆனால் 'சம்' என்ற சொல்லில் தமிழ் காலை வாரிவிடும். 'சிலர் வந்தார்கள்' என்றால் எல்லோரும் வரவில்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இந்தத் தேர்வில் 'சம்' என்றால் ஒருவராவது, அவ்வளவுதான். எல்லோரும் வந்திருந்தாலும் கூற்று பொய்யாகாது. 'மோஸ்ட்' என்றால் பாதிக்கு மேல், அதிலும் எல்லோரும் அடங்கலாம்.

ரீடிங் காம்ப்ரிஹென்ஷனில் நான்கு பத்திகள், அதில் ஒன்று இரட்டைப் பத்தி, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இரண்டு சிறு பத்திகள். சுமார் 27 கேள்வி. பத்திக்கு எட்டே முக்கால் நிமிடம் வரும். வாசிக்க மூன்றரை நிமிடம் தாராளமாகக் கொடுங்கள். அவசரமாக வாசித்தவர்கள்தான் ஒவ்வொரு கேள்விக்கும் பத்திக்குத் திரும்பி ஓடி நேரத்தைத் தொலைப்பார்கள். ஒவ்வொரு பிரிவு முடிந்ததும் அரை வினாடி நின்று, இது எதற்காக இங்கே வருகிறது என்று கேளுங்கள்: பழைய கருத்தா, அதற்கு மறுப்பா, ஆசிரியரின் நிலையா? தகவலை மனப்பாடம் செய்ய வேண்டாம், திரையில்தான் இருக்கிறதே. வாரத்துக்கு இரண்டு பத்தி ஆழமாக அலசினால் போதும். பேருந்தில் நின்றுகொண்டு ஆர்சி செய்யாதீர்கள், அதற்குத் தொடர்ச்சியாக அரை மணி நேரமாவது வேண்டும்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது? வேலை நாளில் நான்கு நாள் 50 நிமிடம், சனி அல்லது ஞாயிறு ஒரு மூன்று மணி நேரத் துண்டு. மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ஒரு வேலை நாளை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். தவறிப்போன நாள் அதில் வந்து விழும். அந்தக் காலி நாள் இல்லாத அட்டவணை மூன்றாவது வாரத்தில் உடையும். உடைந்தபின் வரும் குற்ற உணர்ச்சியில் மொத்தத்தையும் கைவிட்டவர்கள் ஏராளம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை பாதி வேலை உள்ள வாரம் ஒன்றும் வையுங்கள். தவறிய நேரத்தை இரவு விழித்து ஈடுகட்டக் கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

காலையா இரவா என்றால், பிள்ளைகள் எழும் முன் கிடைக்கும் நேரமே என் தேர்வு. இரவு பத்து மணிக்கு நாள் முழுதும் உழைத்த மூளை, 'எல்லோரும்' என்ற சொல்லைத் தாண்டித்தான் போகும். சில நாள் இரவு மட்டும்தான் கிடைக்கும் என்றால் புதுக் கேள்வி போடாதீர்கள், முன்பு காலையில் போட்டதன் குறிப்பை எழுதுங்கள். மதிய உணவு இடைவேளையில் ஐந்து எல்ஆர் கேள்வி, ஏழு நிமிடம். மருத்துவமனையில் காத்திருக்கும்போது தவறுக் குறிப்பேடு. புது வேலை தெளிந்த நேரத்தில், பழைய வேலை சோர்ந்த நேரத்தில்.

வீட்டில் "எனக்குப் படிக்க நேரம் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "சனிக்கிழமை காலை 6 முதல் 9 வரை பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்பது மாதத்துக்கு" என்று மணியும் முடிவுத் தேதியும் சொல்லிக் கேளுங்கள். அந்த மூன்று மணி நேரம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடைக்காவிட்டால் பொது நூலகத்துக்குப் போய்விடுங்கள். மாமியாரின் மருத்துவச் சந்திப்புகளை மாதத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் எழுதிவிட்டு, மிச்சத்தில் படிப்பைப் பொருத்துங்கள்.

ஒன்பது மாதத்தில் முதல் மூன்று, நேரக் கணக்கே இல்லாமல் கேள்வி வகைகளைப் பழகுவதற்கு: அனுமானம், வலுப்படுத்துதல், பலவீனப்படுத்துதல், குறை கண்டறிதல், தருவிப்பு (சொன்னதிலிருந்து எது கிடைக்கிறது என்று பார்ப்பது), முரண் தீர்த்தல். நேரம் இருந்தும் சரியாக வராதது, நேரம் வைத்தால் ஒருநாளும் வராது. அடுத்த மூன்று மாதம் 35 நிமிடப் பகுதிகளாக. கடைசி மூன்றில் முழுத் தேர்வுகள், இரண்டு வாரத்துக்கு ஒன்று, கடைசி ஐந்து வாரம் மட்டும் வாரத்துக்கு ஒன்று. முழுத் தேர்வு இடைவேளையோடு இரண்டரை மணி நேரம். அலசலை அதே நாளில் செய்யாதீர்கள், அடுத்த இரண்டு நாள் காலை நேரத்தை அதற்கே கொடுங்கள். எல்சாட்டை நடத்தும் அமைப்பான எல்.எஸ்.ஏ.சி.யின் லாஹப் தளத்தில் உண்மையான பழைய தாள்கள் இருக்கின்றன. சில இலவசம், ஆண்டுக் கட்டணம் கட்டினால் ஐம்பதுக்கு மேல். தேர்வன்று வரும் திரையும் கிட்டத்தட்ட அதுவே, அதனால் அடிக்கோடு, அடித்துவிடுதல், கொடி வைத்தல் எல்லாம் கைப்பழக்கமாகிவிடும். வேறு யாரோ எழுதிய போலிக் கேள்விகளில் நேரத்தைப் போடாதீர்கள். தெரிவுகளின் நுணுக்கம் அவற்றில் இருப்பதில்லை.

நேரம் வைக்கும்போது ஒரு கேள்விக்குச் சுமார் 84 வினாடி. எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிட வேண்டாம். முதல் பத்துக் கேள்வி பொதுவாக எளிது, 12 நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். இணை வாதம் (அதே அமைப்புள்ள வேறொரு வாதம்) கேட்கும் கேள்வி அரைத் திரைக்கு நீளும். அதற்கும் ஒரே மதிப்பெண்தான். கொடி வைத்துத் தாண்டிப் போய்க் கடைசியில் வாருங்கள். ஐந்து நிமிட எச்சரிக்கை வந்ததும் காலியாக உள்ள எல்லாவற்றிலும் ஏதாவதொரு தெரிவை நிரப்பிவிட்டுப் பிறகு யோசியுங்கள்.

எப்போது எழுதலாம் என்பதை ஒரே ஒரு நல்ல மாதிரித் தேர்வை வைத்து முடிவு செய்யாதீர்கள். மதிப்பெண் மூன்று புள்ளி மேலும் கீழும் ஆடுவது இயல்பு. கடைசி மூன்று நான்கு தேர்வின் சராசரி 162-ஐத் தொட்டால் எழுதுங்கள். பதிவு தேர்வுக்கு ஒரு மாதத்துக்கும் முன்பே மூடிவிடும் என்பதால், அதற்கு முந்தைய வாரமே இந்தச் சராசரியைப் பார்க்கும் நாள். பதிவு செய்த பிறகு குடும்பத்தில் ஏதாவது நேர்ந்தால், அதற்கான கெடுவுக்குள் விலகிக்கொள்ளலாம், அது ஒரு முயற்சியாக எண்ணப்படாது. பணம் முழுதாகத் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். எழுதி ரத்து செய்தால் அது முயற்சிக் கணக்கில் சேரும். மதிப்பெண் செல்லுபடியாகும் காலத்துக்குள் 5 முறை, வாழ்நாளில் 7 முறை என்பதே வரம்பு. கல்லூரிகள் பெரும்பாலும் உயர்ந்த மதிப்பெண்ணைத்தான் பார்க்கின்றன, அதனால் இரண்டாம் முறைக்கும் இடம் விட்டுத் திட்டமிடுங்கள்.

நிர்வாக வேலைகளைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். எல்.எஸ்.ஏ.சி. கணக்கில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பெயர்களில் இது பெரிய தொல்லை: தலைப்பெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் இன்னோரிடத்தில் ஓரெழுத்தாகவும் இருக்கும், அப்பா பெயர் முன்னும் பின்னும் மாறும், திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் ஒரு ஆவணத்தில் மட்டும் ஏறியிருக்கும். கணக்கு திறக்கும் அன்றே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பாருங்கள். இளநிலைப் பட்டம் இந்தியாவிலோ இலங்கையிலோ பெற்றிருந்தால் மதிப்பெண் சான்றை அந்தப் பல்கலைக்கழகமே நேரடியாக எல்.எஸ்.ஏ.சி.க்கு அனுப்ப வேண்டும். நீங்கள் வாங்கி அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். ஊரில் யாரையாவது அலுவலகத்துக்கு நாலு முறை நடக்கவிட வேண்டியிருக்கும், ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

தேர்வுக் கட்டணமே 200 டாலருக்கு மேல், விண்ணப்பச் சேவைக்குத் தனியாக. வருமானம் குறைவென்றால் கட்டண விலக்கு உண்டு. ஆனால் பணம் கட்டும் முன் விண்ணப்பிக்க வேண்டும், கட்டியதைத் திருப்பித் தர மாட்டார்கள். பால் கொடுக்கும் தாய், நீரிழிவு, கவனக் குறைபாடு, பார்வைக் குறைவு போன்றவற்றுக்குக் கூடுதல் இடைவேளையோ நேரமோ கேட்கலாம். ஆவணங்களோடு பதிவின் கடைசி நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். வீட்டிலிருந்து எழுதும் வாய்ப்பு உங்கள் தேதிக்கு இருந்தாலும், சிறு பிள்ளைகள் உள்ள வீடென்றால் தேர்வு மையத்தையே தேர்ந்தெடுங்கள். யாராவது அறைக்குள் நுழைந்தால் தேர்வே நின்றுபோகலாம்.

கடைசியாக, வேலைப்பளுவில் பலர் மறந்துவிடும் ஒன்று: எல்சாட்டின் தனிப் பகுதியான வாத எழுத்து, அதாவது ஒரு கருத்தை எடுத்து வாதாடும் கட்டுரை. யோசிக்க 15 நிமிடம், எழுத 35 நிமிடம், கணினியில் தனியாக எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது, ஆனால் கோப்பில் ஒன்றாவது இல்லாவிட்டால் உங்கள் எல்சாட் மதிப்பெண் வெளிவராது. தேர்வுக்கு எட்டு நாள் முன்பே அது திறந்துவிடும். தேர்வு முடிந்த அடுத்த சனிக்கிழமை, வீட்டில் ஏற்கெனவே பழகிப்போன அதே 6 மணிக்கு உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.